மெலிந்த புல்தரைக்கு எந்த முறையில் மறுபடி விதைப்பது? ரொறன்ரோ வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பனி கரைந்ததும் ஒரு சுற்று, ஓகஸ்ட் வெயிலில் புல் கருகியதும் இன்னொரு சுற்று என்று, நம்மவர்களிடமிருந்து புல்தரைக் கேள்விகள் வருடத்துக்கு இரண்டு தடவை வருகின்றன. கோயில் வாசலிலும் பிறந்தநாள் விழாக்களிலும் துண்டு துண்டாகச் சொன்னவற்றை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். இது ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன், ஏஜாக்ஸ் என்று தென் ஒன்ராறியோவில் வீடு வைத்திருப்பவர்களுக்கானது. வன்கூவரிலோ இங்கிலாந்தின் லண்டனிலோ இருப்பவர்களுக்குக் காலக்கணக்கு வேறு.

புல் ஐதாகிவிட்டது. விதை வாங்கி அப்படியே எறிந்தால் முளைக்காதா?

சில முளைக்கும், பல முளைக்காது. புல்விதை முளைக்க, ஈரமான மண் அதன்மேல் ஒட்டியிருக்கவேண்டும். பழைய புல்லின் மேலும் காய்ந்த சருகின் மேலும் விழுந்த விதை காலையில் நனைந்து மத்தியானம் காய்கிறது. முளைவிடத் தொடங்கிய விதை ஒருமுறை காய்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எழும்பாது.

கீழே வரும் முறைகள் எல்லாம் விதையை மண்ணோடு சேர்ப்பதற்கான வெவ்வேறு வழிகள்தான். சருகின் மேல் எறிந்த விலையுயர்ந்த விதையைவிடக் கீறிய மண்ணில் விழுந்த நடுத்தர விதை நன்றாக வரும். கடையில் பையின் படத்தைப் பார்த்து மயங்குவதற்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

சரி, என்னென்ன முறைகள் இருக்கின்றன? எது நல்லது?

எது நல்லது என்று பொதுவாகச் சொல்லமுடியாது. உங்கள் தரைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பொறுத்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இடங்கள் மட்டும் வெறுமையாக இருந்தால் இயந்திரமே வேண்டாம். இரும்பு வாரியால் மண்ணைக் கிளறி, விதை தூவி, மேலே மெல்லிய கூட்டெரு போட்டால் போதும். தரை முழுவதும் ஐதாகி, மண்ணும் கல்லுப்போல் இறுகியிருந்தால், மண் துண்டுகளைப் பிடுங்கித் துளையிடும் ஏரேட்டரை ஓட்டி, விதைத்து, கூட்டெரு பரப்புவது பொருத்தம். தரை முழுவதும் ஐது, ஆனால் மண் பரவாயில்லை என்றால், மண்ணைக் கீறி விதையைக் கீறலுக்குள் விடும் இயந்திரம்தான் எனக்குப் பிடித்தது. வாடகைக் கடையில் அதை ஸ்லிட் சீடர் அல்லது ஓவர்சீடர் என்பார்கள்.

தரையில் பாதிக்குமேல் களையோ வெறும் மண்ணோ என்றால் இவை எதுவும் வேண்டாம். ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் புதிதாகத் தொடங்குங்கள். விதைக்கூழைக் குழாயால் பீச்சும் ஹைட்ரோசீடிங் முறையும் அப்படி வெறுமையாக்கிய பெரிய நிலத்துக்கும் சரிவுக்கும்தான். இருக்கிற புல்லின் மேல் பீச்சினால் முதல் பதிலில் சொன்ன கதைதான்.

என் தரைக்கு என்ன நேர்ந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான்கு சோதனைகள் இருக்கின்றன. முதலாவது, மழை பெய்த மறுநாள் நீளமான ஸ்குரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். கைப்பலத்தில் 10 சென்ரிமீற்றர் இறங்காவிட்டால் மண் இறுகியிருக்கிறது. இரண்டாவது, சிறிய துண்டை வெட்டியெடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சைப் புல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் நார்ப்படை ஒன்று தெரியும். அது அரை அங்குலத்துக்குமேல் இருந்தால் விதை மண்ணைத் தொடாது. முதலில் அதை வாரி எடுக்கவேண்டும்.

மூன்றாவது, காய்ந்த இடத்துப் புல்லைப் பிடித்து இழுங்கள். வேரே இல்லாமல் பாய் சுருட்டுவதுபோல் கையோடு வந்தால் கீழே வேரைத் தின்னும் வெண்புழு. நான்காவது சோதனை யூலை, ஓகஸ்ட் மாதங்களுக்கு. வெயில் படும் இடம் மஞ்சளாகி, மழைக்குப் பிறகும் தேறாவிட்டால், இரண்டு பக்கமும் திறந்த தகரப் பேணி ஒன்றை, பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் மண்ணுக்குள் அழுத்தித் தண்ணீர் நிரப்புங்கள். சில நிமிடங்களில் சிறிய கறுப்பு வெள்ளைப் பூச்சிகள் மிதந்தால் அது புல்லின் சாற்றை உறிஞ்சும் சின்ச் பூச்சி.

இவற்றைச் செய்யாமல் விதைப்பவர்கள் அடுத்த வருடமும் அதே இடத்தில் விதைப்பார்கள். காரணம் போகாவிட்டால் புதிய புல்லும் பழைய புல் போன வழியே போகும்.

எப்போது விதைப்பது? வசந்தம்தானே எல்லாம் முளைக்கும் காலம்?

எல்லாம் முளைக்கும் காலம் என்பதுதான் பிரச்சினை. களையும் முளைக்கும். இங்கே ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் 20ஐ ஒட்டிய நாள்வரை விதைப்பதே முதல் தெரிவு. கோடை முழுவதும் சூடேறிய மண்ணில் விதை வேகமாக முளைக்கும். மேலே காற்று குளிர்வதால் நாற்று வாடாது. இரவுப் பனி ஈரம் தரும். களைகள் பலவற்றின் ஆட்டம் அப்போது முடிந்துகொண்டிருக்கும். முதல் கடும் உறைபனிக்கு முன் புதிய புல்லுக்கு ஆறு ஏழு கிழமையாவது கிடைக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். நாள் தானாகவே அமையும்.

ஏப்ரலில் விதைத்தால் என்னதான் ஆகும்? என் பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு வருடமும் அப்போதுதான் விதைக்கிறார்.

ஒவ்வொரு வருடமும் விதைக்கிறார் என்பதிலேயே பதில் இருக்கிறது, ஐயா. ஏப்ரல் மண் குளிர்ந்திருக்கும், விதை மெதுவாக அசையும். மேயில் முளைத்த நாற்றுக்கு வேர் இறங்குவதற்குள் யூன் கடைசி வெயில் வந்துவிடும். இடையில் கிராப்கிராஸ் என்னும் களைப்புல், மஞ்சள் ஃபோர்சித்தியா பூக்கும் காலத்தை ஒட்டி முளைக்கத் தொடங்கி, நீங்கள் விடும் தண்ணீரைக் குடித்துக் கோடையில் படரும்.

குளிர்காலம் பெரிய வெறுமையை விட்டுச் சென்றிருந்தால், மண் கழுவிப் போகாமல் இருக்க, வசந்தத்தில் அந்த இடங்களை மட்டும் விதைத்து மூடுங்கள். முழுத்தரை வேலையைச் செப்டெம்பருக்கு விட்டுவிடுங்கள்.

கடையில் அத்தனை வகைப் பைகள். எதை எடுப்பது?

பையின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் எந்தப் புல், எத்தனை வீதம் என்று இருக்கும். வெயில் படும் முன்முற்றத்துக்குக் கென்டக்கி புளூகிராஸும் பெரினியல் ரைகிராஸும் கலந்தது ஏற்றது. ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் முளைத்துக் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். புளூகிராஸ் 2 முதல் 4 கிழமை எடுக்கும், ஆனால் நிலத்தடியில் தண்டு ஓட்டிப் பரவி வெறுமையைத் தானாக மூடுவது அதுதான். நிழலுக்கு ஃபைன் ஃபெஸ்க்யூ. தண்ணீர் விட நேரமில்லாதவர்களுக்கு ஆழமாக வேர்விடும் டால் ஃபெஸ்க்யூ. அது பெரும்பாலும் குத்தாக வளரும், புளூகிராஸ்போலப் பரவாது.

ஆனுவல் ரைகிராஸ் அதிகமாக உள்ள மலிவுப் பையை விட்டுவிடுங்கள். ஒரு கிழமையில் பச்சைப்பசேல் என்று வந்து, குளிர்காலத்தோடு போய்விடும். வண்ணப் பூச்சுப் பூசிய விதையிலும் கவனம் தேவை. சில பைகளில் நிறையில் பெரும்பகுதி பூச்சுத்தான்.

சின்ச் பூச்சி இருந்த தரைக்கு, என்டோஃபைட் உள்ள ரைகிராஸ் அல்லது ஃபெஸ்க்யூ கேட்டு வாங்குங்கள். புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சை அது. இலையைத் தின்னும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குப் பிடிக்காது. வேரைத் தின்னும் வெண்புழுவை அது தடுக்காது.

எவ்வளவு விதை? கூடுதலாகப் போட்டால் அடர்த்தியாக வருமா?

வராது. இருக்கிற புல்லுக்கு நடுவே விதைக்கக் கலவை விதை 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 2 கிலோ போதும். வெறும் மண்ணுக்கு அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. புளூகிராஸ் மட்டும் என்றால் இந்த அளவில் பாதிக்கும் குறைவு. அதன் விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் ரைகிராஸ் விதை 500 அளவில் இருந்தால் புளூகிராஸ் விதை 2,000க்கு மேல் இருக்கும். அள்ளிக்கொட்டினால் நாற்றுகள் நெருங்கி முளைத்து, ஒன்றோடொன்று போட்டியிட்டு மெலிந்து, நோய் வந்து கூட்டமாகச் சாகும்.

முன்முற்றத்தை அடிக்கணக்கில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வரிசை வீடுகளின் முன்முற்றம் பலவற்றுக்கு ஒரு சிறிய பையே மிஞ்சும்.

கராஜில் இரண்டு வருடப் பழைய விதை இருக்கிறது. பாவிக்கலாமா?

ஈரமான காகிதத் துவாலையில் பத்து விதையைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுச் சமையலறையில் வையுங்கள். ரைகிராஸ் என்றால் பத்து நாளில் பதில் தெரியும். ஏழெட்டு முளைத்தால் பாவியுங்கள். நாலைந்து என்றால் அளவை இரட்டியுங்கள். அதற்கும் குறைவென்றால் காகங்களுக்கு.

ஏரேட்டரை வாடகைக்கு எடுத்தேன். ஓட்டியபின் அப்படியே விதைத்தால் போதுமா?

போதாது என்றே சொல்வேன். துளைகளுக்குள் விழுந்த விதை மட்டும் நன்றாக முளைத்து, தரை முழுவதும் குடுமி குடுமியாகப் புல் நிற்கும். அதனால் ஒரு திசையில் ஓட்டியபின் குறுக்காகவும் ஓட்டுங்கள். துளைகளுக்கு இடையில் நான்கு விரல் இடைவெளிக்குமேல் இருக்கக்கூடாது. வெளியே வந்த மண் துண்டுகளை அள்ளி எறியாதீர்கள். சற்றுக் காயவிட்டு வாரியால் உடைத்துப் பரப்பினால் அதுவே விதைக்கு மூடுமண்ணாகும். பிறகு விதை, அதன்மேல் மெல்லிய கூட்டெரு.

முதல்நாள் நன்றாகத் தண்ணீர் விட்டிருக்கவேண்டும். காய்ந்த களிமண்ணில் இயந்திரம் மேலே துள்ளுமே தவிர இறங்காது. துண்டு பிடுங்காமல் ஆணியால் குத்தும் வகையும் இருக்கிறது. செருப்பில் கட்டி நடக்கும் ஆணிப் பலகைகூட விற்கிறார்கள். இறுகிய மண்ணை அது பக்கவாட்டில் மேலும் இறுக்கும். வாங்காதீர்கள்.

ஸ்லிட் சீடர் கையாள்வது கஷ்டமா? நான் தனியாகச் செய்யலாமா?

ஓட்டுவது கஷ்டமில்லை, வாகனத்தில் ஏற்றி இறக்குவதுதான் கஷ்டம். பாரமான இயந்திரம், இரண்டு பேர் வேண்டும். புல்லை முதலில் இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை வாரிவிடுங்கள். கத்தியை மண்ணுக்குள் கால் அங்குலம்வரை மட்டும் இறங்கும்படி வையுங்கள். இதைவிட ஆழத்தில் விழுந்த சின்ன விதைக்கு மேலே வரத் தெம்பிருக்காது. விதையை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நீளவாக்கில், மற்றதைச் சாய்வாகக் குறுக்கே ஓட்டி விதையுங்கள். ஒரே திசையில் ஓட்டினால் நெல்வயல்போல் வரிசை தெரியும்.

தண்ணீர்த் தெளிப்பான் தலைகளையும், மண்ணுக்குச் சற்றுக் கீழே ஓடும் இணையக் கம்பியையும் முதலே கொடி நட்டுக் குறித்துவிடுங்கள். வாடகை அரைநாள் கணக்கில்தான் பெரும்பாலும் வரும். ஒட்டு வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு முற்றத்தையும் ஒரே வாடகையில் முடிக்கலாம். பாரம் தூக்கவும் ஆள் கிடைக்கும்.

ஏரேட்டர், ஸ்லிட் சீடர் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டலாமா?

மண் இறுகியும் புல் மிக ஐதாகவும் இருந்தால் ஓட்டலாம். துளை முதலில், கீறல் பிறகு. சாதாரண தரைக்கு ஒன்று போதும், பணத்தை விதைக்குச் செலவிடுங்கள்.

மேலே போட எந்த மண் வாங்குவது? கறுப்பு மண் மலிவாகக் கிடைக்கிறதே.

நன்கு மக்கிச் சலித்த கூட்டெரு. மலிவான கறுப்பு மண்ணில் என்ன இருக்கிறது என்று பையைப் பார்த்துச் சொல்லமுடியாது. பலவற்றில் பெரும்பகுதி பீட் என்னும் சதுப்புநில மக்கு, காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. சிலவற்றில் களைவிதை இலவசம். கால் அங்குலத் தடிப்புக்குப் பரப்பினால் போதும். 1,000 சதுர அடிக்கு அது முக்கால் கன யார் வரும். பரப்பியபின் பழைய புல்லின் நுனி வெளியே தெரியவேண்டும். தெரியாவிட்டால் புல்லைப் புதைத்துவிட்டீர்கள்.

சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். போடவேண்டுமா?

வேண்டாம். புளித்த மண்ணின் புளிப்பைக் குறைக்கத்தான் சுண்ணாம்பு. தென் ஒன்ராறியோவின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்த மண், ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்தது. மண் பரிசோதனை செய்து தேவை என்று வந்தாலொழிய, அந்தப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீர் எத்தனை தரம்? வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது?

முதல் இரண்டு மூன்று கிழமைக்கு மேல்மண் காயாமல் இருக்கவேண்டும். அதற்கு நாளுக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் சில நிமிடம். குளம் கட்டாதபடி விடுங்கள், இல்லாவிட்டால் விதை மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். வேலைக்குப் போகிறவர்கள் குழாய்முனையில் பொருத்தும் நேரக்கருவி வாங்குங்கள். விதைக்கு அடுத்தபடியாகப் பயனுள்ள செலவு அதுதான்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. எட்டாம் நாள் பச்சை தெரிந்ததும் வேலை முடிந்தது என்று குழாயைச் சுருட்டிவிடுகிறார்கள். அன்று தெரிவது ரைகிராஸ் மட்டும். கலவையில் இருக்கும் புளூகிராஸ் இன்னும் கண் திறக்கவில்லை. அந்தக் கிழமை காய்ந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நல்ல பாதி செத்துப்போகும். நாலாம் கிழமையிலிருந்து தண்ணீரின் தடவையைக் குறைத்து அளவைக் கூட்டுங்கள். கடைசியில் கிழமைக்கு ஓர் அங்குலம், மழையையும் சேர்த்து. கோடைக்காலத் தண்ணீர்க் கட்டுப்பாடு உங்கள் நகரசபையில் இருக்கிறதா என்று விதைக்குமுன் பாருங்கள்.

விதையோடு பசளை போடலாமா?

விதைப்புக்கென்று விற்கும் தொடக்கப் பசளையை, பையில் உள்ள அளவுக்குமேல் போகாமல் போடலாம். கூட்டெரு பரப்பியவர்களுக்கு அதுகூட அவசியமில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு மெதுவாகக் கரையும் பசளை ஒருமுறை போடுங்கள்.

சோளப் புரதத்தூள் மட்டும் வேண்டாம். களை முளைக்காமல் தடுக்கும் இயற்கைப் பொருள் என்று விற்கப்படும் அது, எது களைவிதை, எது நீங்கள் போட்ட விதை என்று பார்ப்பதில்லை.

குருவிகள் விதையைத் தின்கின்றனவே, வலை போடவேண்டுமா?

மேலே கிடக்கும் விதையைத்தான் தின்கும். மண்ணோடு சேர்த்திருந்தால் பெரிய நட்டமில்லை. அவை தின்பதற்கு நிறைய இருக்கிறது என்றால் நீங்கள் வாரியால் கிளறவில்லை என்று பொருள்.

எப்போது வெட்டலாம்? பிள்ளைகள் எப்போது விளையாடலாம்?

புதிய புல் மூன்றரை அங்குலம் வந்ததும், கத்தியைத் தீட்டி, மூன்றில் ஒரு பங்குக்குமேல் போகாமல் வெட்டுங்கள். மழுங்கிய கத்தி நாற்றை வேரோடு பிடுங்கும். இரண்டு மூன்று வெட்டுவரை பந்து விளையாட்டு பின்வளவிலோ பூங்காவிலோ நடக்கட்டும். ஒக்டோபரில் மேப்பிள் இலைகள் விழுந்தால் கிழமைக்கொரு தரம் மெதுவாக எடுத்துவிடுங்கள். நனைந்த இலைக்கு அடியில் நாற்று அழுகும்.

புல்லோடு களையும் முளைத்துவிட்டது. மருந்து அடிக்கலாமா?

ஒன்ராறியோவில் அழகுக்காகக் களைகொல்லி, பூச்சிகொல்லி அடிப்பதற்கான தடை 2009 ஏப்ரல் 22இல் நடைமுறைக்கு வந்தது. ஊரில் கடைக்குக் கடை கிடைக்கும் மருந்துகள் இங்கே வீட்டுப் புல்தரைக்கு இல்லை. அனுமதிக்கப்பட்டவற்றில் இரும்புச் சத்தை அடிப்படையாகக் கொண்ட களைகொல்லி அகன்ற இலைக் களைகளைக் கருக்கும். அதையும் புதிய புல் சில தடவை வெட்டப்படும்வரை அடிக்காதீர்கள். செப்டெம்பரில் விதைத்தவர்கள் கிராப்கிராஸைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முதல் கடும் உறைபனியில் அது தானாகச் சாகும்.

ஸ்கங்கும் ரக்கூனும் தரையைக் கிண்டிப் போட்டுவிட்டன. அந்த இடத்தில் விதைக்கலாமா?

அவை கிண்டுவது வெண்புழுவைத் தின்ன. முதலில் புழு எத்தனை என்று பாருங்கள். ஒரு சதுர அடித் துண்டை மூன்று பக்கம் வெட்டிப் புரட்டினால், வளைந்த வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகக் கிடக்கும். ஐரோப்பிய சேஃபர் வண்டின் புழுவும் யப்பானிய வண்டின் புழுவும்தான் இங்கே அதிகம். இரண்டு மூன்று கிடந்தால் ஆரோக்கியமான புல் தாங்கும். ஐந்து பத்து என்றால் தாங்காது. அப்படியே விதைத்தால் புழுவுக்கு இளம்வேர் விருந்து.

தடைக்குப் பிறகு வீட்டுக்காரர் கையிலிருக்கும் நல்ல வழி, வெண்புழுவைத் தேடித் தாக்கும் நூற்புழு. தோட்டக் கடைகளில் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் புழு சிறிதாக, மேற்பரப்புக்கு அருகில் இருக்கும்போது விடவேண்டும். மண்ணை முதலே நனைத்து, வெயில் சாய்ந்தபின் தெளித்து, மறுபடி தண்ணீர் விடுங்கள். வெயில் பட்டால் நூற்புழு இறக்கும். இதிலுள்ள வசதி, நூற்புழுவுக்கும் விதைக்கும் ஒரே ஈரம், ஒரே காலம். இரண்டையும் ஒரே கிழமையில் முடிக்கலாம். வசந்தத்தில் புழு பெருத்திருக்கும், அப்போது விட்ட நூற்புழுவால் பெரிய பயன் இராது.

மேப்பிள் மரத்துக்குக் கீழே எத்தனை தரம் விதைத்தாலும் போய்விடுகிறது. என்ன முறை மாற்றுவது?

முறையை அல்ல, ஆசையை மாற்றவேண்டும். நோர்வே மேப்பிளின் நிழல் மிக அடர்த்தி, வேரோ மேலேயே படர்ந்து தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்ளும். நாலு மணி நேரமாவது வெயில் வந்தால் ஃபைன் ஃபெஸ்க்யூவைக் கையால் விதைத்துப் பாருங்கள். ஸ்லிட் சீடரை அங்கே ஓட்டாதீர்கள், வேரையும் வெட்டும், கத்தியும் உடையும். வெயில் அதைவிடக் குறைவென்றால் மரப்பட்டைத் தூள் பரப்பி விட்டுவிடுங்கள். வேர் மறையும்படி மண் கொட்டுவது மரத்துக்கே கெடுதல்.

வீதியோரத் துண்டு மட்டும் ஒவ்வொரு வசந்தமும் கருகிக் கிடக்கிறது.

வீதிக்குக் கொட்டும் உப்பு. பனிவாரி வண்டி அதை உங்கள் புல்லின் மேல் குவித்துவிட்டுப் போகிறது. பனி கரைந்ததும் சில நாள் தாராளமாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். அதன்பிறகே விதை. புளூகிராஸைவிட டால் ஃபெஸ்க்யூ உப்பைத் தாங்கும், அந்தத் துண்டுக்கு மட்டும் அதைப் போடலாம். நாய் சிறுநீர் பட்ட வட்டங்களுக்கும் இதே வைத்தியம்: தண்ணீர், கிளறல், விதை.

செப்டெம்பரைத் தவறவிட்டேன். நவம்பரில் விதைப்பது உண்மையா, கதையா?

உண்மைதான். மண்ணின் வெப்பம் 5 பாகைக்குக் கீழே இறங்கியபின், அதாவது நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு, நிலம் உறையுமுன் விதைத்தால் விதை தூங்கும். குளிர்காலத்தில் மண் உறைந்து இளகி வெடிக்கும்போது விதை தானாக உள்ளே இறங்கி, ஏப்ரலில் மண் சூடேறியதும் நீங்கள் கால்வைக்க முடியாத சேற்றிலேயே முளைக்கும். புளூகிராஸுக்கும் ஃபெஸ்க்யூவுக்கும் இது பொருந்தும். ரைகிராஸ் அவசரக்காரன், இடையில் நாலு நாள் வெயில் வந்தால் முளைத்து, அடுத்த குளிரில் சாகும்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் விதைப்பதுதான் மிக மோசமானது. முளைக்கும் அளவுக்குச் சூடு இருக்கும், வேரூன்றும் அளவுக்கு நாள் இருக்காது. அந்த இடைவெளியில் அகப்பட்டவர்கள் ஒரு மாதம் பொறுங்கள்.

ஊரிலிருந்து அறுகம்புல் கொண்டுவந்து நட்டால் என்ன? வெயிலுக்கும் தாங்கும், பிள்ளையாருக்கும் ஆகும்.

வெயிலைத் தாங்கும், பெப்ரவரியைத் தாங்காது. அது வெப்பநாட்டுப் புல். கோடையில் வளர்ந்தாலும் இங்கத்தைய குளிரில் பெரும்பாலும் செத்துவிடும். போதாததற்கு, வேரும் மண்ணுமாகச் செடியை விமானத்தில் கொண்டுவந்தால் எல்லையில் பறிப்பார்கள். பிள்ளையாருக்கு ஒரு சட்டியில் வளர்த்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வையுங்கள்.

புதிய வீடு வாங்கினோம். கட்டியவர்கள் விரித்த புல்பாய் இரண்டு வருடத்தில் ஐதாகிவிட்டது. மறுபடி புல்பாயே வாங்குவதா, விதைப்பதா?

புல்பாய்க்குக் கீழே கைவிரலால் தோண்டிப் பாருங்கள். புதிய குடியிருப்புகள் பலவற்றில் இரண்டு அங்குல மேல்மண், அதற்குக் கீழே கனரக வண்டிகள் ஏறி இறுக்கிய களிமண். அதன்மேல் இன்னொரு புல்பாய் விரித்தால் இன்னொரு இரண்டு வருடம் கிடைக்கும். புல் பாதிக்குமேல் உயிரோடிருந்தால், செப்டெம்பர்தோறும் துளையிட்டு, கூட்டெரு பரப்பி, விதைப்பதை மூன்று வருடம் தொடருங்கள். மண்ணே மாறும். அவசரமென்றால், சரிவென்றால், தண்ணீர் விட ஆளிருந்தால் புல்பாய் நல்லதுதான். அதற்கும் கீழ்மண்ணைக் கிளறி நாலைந்து அங்குல மேல்மண் சேர்த்தபிறகு.

ஏப்ரலில் கதவைத் தட்டி, மலிவாகத் துளையிட்டு விதைத்துத் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

நாலு கேள்வி கேளுங்கள். மண் துண்டைப் பிடுங்கும் இயந்திரமா, குத்தும் இயந்திரமா? எத்தனை தரம் ஓட்டுவீர்கள்? விதையில் என்ன புல், பையைக் காட்டமுடியுமா? செப்டெம்பரில் வந்து இதே விலைக்குச் செய்வீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றவரின் தொலைபேசி எண்ணை வாங்கிவையுங்கள்.

புல்லே வேண்டாம், குளோவர் என்னும் மூவிலைச் செடியை விதைத்துவிட்டால்?

முழுவதும் குளோவர் என்றால் குளிர்காலத்தில் வெறும் மண் தெரியும், ஓடி விளையாடினால் நசியும். புல்விதையோடு சிறிதளவு வெள்ளைக் குளோவர் கலப்பது நல்ல யோசனை. காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குத் தரும், வரட்சியிலும் பச்சையாக இருக்கும். தேனீ வரும் என்று பயந்தால் பூக்குமுன் வெட்டுங்கள். ரொறன்ரோவில் புல்தரைப் புல் 20 சென்ரிமீற்றருக்குமேல் போனால் நகரசபையின் அறிவித்தல் வரலாம்.

ஸ்லிட் சீடரில் விதைத்து ஐந்து கிழமை ஆகிறது. வரி வரியாக நிற்கிறது, இடையில் வெறும் மண். செய்தவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கவா?

இப்போது கேட்கவேண்டாம். கீறலில் விதைத்தால் முதல் பருவத்தில் வரி தெரிவது வழக்கம். குறுக்கே இரண்டாம் தரம் ஓட்டாமல் விட்டிருந்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். பையில் புளூகிராஸ் எத்தனை வீதம் என்று பாருங்கள். நல்ல பங்கு இருந்தால் அடுத்த யூனுக்குள் அது பரவி இடைவெளியை மூடிவிடும், நீங்கள் செய்யவேண்டியது வசந்தத்தில் ஒருமுறை பசளையும் மூன்று அங்குல உயரத்தில் வெட்டுவதும்தான். ரைகிராஸோ டால் ஃபெஸ்க்யூவோ மட்டுமென்றால் குத்து சற்றுப் பெருக்கும், வரி முழுவதும் மறையாது. அடுத்த செப்டெம்பரில், குறுக்குத் திசையில், பாதி அளவு விதையோடு ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். முதல் தடவை ஒரே திசையில்தான் ஓட்டினார் என்றால் அதை இலவசமாகக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.